இஸ்திரி போட்ட டேப்

எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதில் இப்போது நிச்சயம் இல்லை. மழை பிடித்துக்கொண்டது ஓவர்ஆல் ஆர்டர் வந்த பிறகா, அதற்கு முன்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரத்தம் எடுக்க வந்தவர்கள் வெள்ளை வேனில் வந்ததாக ஒரு நினைவு. அது நீல வேன்தான் என்று எதிர்க்கடை சலூன்காரர் சாதிப்பார். வாரா வாரம் தவறாமல் எழுதி வைத்த ஒரே சாட்சி டெய்லர் கடையின் அளவு நோட்டு. அந்த நோட்டில் இருப்பதுதான் பொய். ஆகவே மிச்சத்தை நினைவை நம்பியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையும் வீடும் ஒன்றுதான். தெருவைப் பார்த்த முன்னறையில் மிதிமெஷின், கட்டிங் மேஜை, இஸ்திரிப்பெட்டி. நடுவில் ஒரு திரை. திரைக்கு அப்பால் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, பின்கதவு. பின்கதவைத் திறந்தால் வாய்க்கால். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. பாசி படிந்த தண்ணீர் அங்கேயே நின்று, கொசுவை மட்டும் குறைவில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் பிறந்து வளர்ந்தது அந்த வீட்டில்தான்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவுக்கு அவர் டெய்லர், அவ்வளவுதான். தங்கை பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், ஓரம் மடித்துத் தைப்பாள். அதனால் அவள் காஜாக்கா. அவளைவிட மூத்த பெண்களும் அப்படியே கூப்பிட்டார்கள். புருஷன் வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு அவள் திரும்பி வந்த நாளில் அண்ணன் மெஷினை நிறுத்தவில்லை. தையல் முடிகிற இடம்வரை மிதித்து, நூலை அறுத்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. பதினோரு வருடம்.

அதற்கெல்லாம் முன்பு, இருவரும் இளவட்டமாக இருந்த காலத்தில், சுகாதாரத் துறையினர் வாய்க்கால் ஓரத்து வீடுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருவர் ரத்தத்திலும் புழு இருந்தது. கொசு கொண்டுவந்து விடுகிற புழு. உடம்புக்குள் வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தும். வருடா வருடம் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியாக எடுத்த ரத்தத்தில் இருவருக்கும் புழு இல்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் வந்த சில வருடங்களில் அண்ணனின் இடது கால் வீங்க ஆரம்பித்தது.

“குடியிருந்தவன் காலி பண்ணிட்டான். போறப்போ வீட்டை இடிச்சுட்டுப் போயிட்டான்” என்று சலூன்காரரிடம் சொன்னார் டெய்லர். அவர் நகைச்சுவையாகப் பேசியதாக நினைவில் இருப்பது அது ஒன்றுதான்.

அந்த நோய்க்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை அந்த வீட்டில் சொல்லமாட்டார்கள். ‘அந்தக் கால்’ என்றுதான் பேச்சு. அந்தக் காலைத் தினம் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துணியை விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். பாதத்திலிருந்து முழங்கால் வரை கட்டுத்துணியை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். உட்காரும்போது உயரத்தில் வைக்க வேண்டும். முதன்முதலில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த நர்ஸ், போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு தடவை கால் சிவந்து காய்ச்சல் வந்தால் வீக்கம் ஒரு படி ஏறும். ஏறினது அவ்வளவு லேசில் இறங்காது. ஏற ஏறக் கணுக்கால் மடங்காது. மிதிமெஷினுக்குக் கணுக்கால் மடங்கியாக வேண்டும். மோட்டார் மாட்டிக்கொள்ளலாமே என்று சலூன்காரர் சொல்லிப் பார்த்தார். பாதம் சொல்கிற வேகம்தான் தனக்குத் தெரியும், மோட்டார் சொல்கிற வேகம் தெரியாது என்றார் டெய்லர். ஆக, அந்தக் கால் மடங்குகிற வரைக்கும்தான் தொழில் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அதையும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு எடுப்பார்கள். காலைக் கழுவித் துடைத்த பிறகு, கட்டுத் துணி சுற்றுவதற்கு முன்னால். அவர் கழுத்தில் கிடக்கும் இஞ்ச் டேப்பை வாங்கி, கீழே உட்கார்ந்து, கெண்டைக்கால் பெருத்திருக்கும் இடத்தில் சுற்றி, காஜாக்கா எண்ணைச் சொல்வாள். அவர் நோட்டில் எழுதுவார். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாடிக்கைக்காரரின் பெயர். தோள், மார்பு, இடுப்பு, கை. ஒரு பக்கத்தில் மட்டும் பெயர் இல்லை. கால் என்று எழுதி, கீழே எண்கள்.

முதல் எண் பதினேழு. டேப் அப்போது புதுசு, அந்த வாரம்தான் வாங்கியது.

துணி டேப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கழுத்து வியர்வை பட்டுப் பட்டு ஓரம் சுருண்டுகொள்ளும். சுருண்டால் எண் மறையும். சனிக்கிழமை சாயங்காலம், தைத்த துணிகளை எல்லாம் இஸ்திரி போட்டு முடித்ததும், காஜாக்கா டேப்பையும் எடுத்துக்கொள்வாள். தண்ணீர் தெளித்து, ஒரு முனையைக் கத்திரிக்கோலுக்கு அடியில் வைத்து, மறுமுனையை இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் பெட்டியை ஓட்டுவாள். ஆவி எழும். டேப் கத்தி மாதிரி நேராகும். மறுநாள் அண்ணன் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும்போது ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பார். பாராட்டு என்று அந்த வீட்டில் இருந்தது அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழிந்ததும் எண் பதினாறரைக்கு வந்தது. அவள் சொன்னாள், அவர் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று டீயில் ஆளுக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டாள். ரொட்டியோடு முட்டையும் அவித்தாள். இரண்டாம் வருடக் கடைசியில் பதினாறு.

அதே இரண்டு வருடத்தில் டெய்லருக்கும் துணிக்கடைக்காரருக்கும் தகராறு முற்றிக்கொண்டு வந்தது. மூன்று மீட்டர் என்று வாங்கி வந்த துணி மேஜையில் விரித்து அளந்தால் குறையும். முதலில் ஒரு விரற்கடை, பிறகு அரைச்சாண் அளவுக்கு. கடையை இரண்டு தடவை மாற்றினார். மூன்றாவது கடைக்காரரும் குறைத்துத்தான் வெட்டினார். உலகத்தில் யோக்கியனே கிடையாது என்று அண்ணன் முணுமுணுத்ததை அவள் கேட்டிருக்கிறாள். ஆனால் தைத்துக் கொடுத்த துணியில் யாரும் குற்றம் சொன்னதில்லை. எல்லோருக்கும் அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது.

குளிர்க்கிடங்கு ஆர்டர் வந்தபோது மட்டும் சின்ன வித்தியாசம். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு, சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த நூற்றெண்பது ஓவர்ஆல். ஆட்கள் நேரில் வரமாட்டார்கள். அளவைச் சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். மாதிரிக்கு மூன்று தைத்து அனுப்பியதில் மூன்றும் தொளதொளவென்று இருந்தன. கிடங்கு மேற்பார்வையாளர், உள்ளே ஸ்வெட்டர் போடுகிறவர்கள்தானே, அப்படியே இருக்கட்டும், நல்லதுதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் டெய்லர் ஓவர்ஆலுக்கு வாங்கிய நீல டிரில் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு துணிக்கடைக்குச் சண்டைக்குப் போனார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். கடைக்காரன் என்ன சொன்னான் என்று அவள் கேட்டாள்.

“இனிமே சண்டை இல்ல” என்றார்.

அவர் ஏதாவது சொல்லி அவள் மறுபடி கேட்கிற வழக்கம் கிடையாது. அவள் காஜாவுக்குக் குனிந்துகொண்டாள்.

ரத்தக்காரம்மா வந்தது அதன் பிறகு என்றே தோன்றுகிறது. ரத்தம் எடுக்க வருகிற நர்ஸுக்குத் தெரு வைத்த பெயர் அது. கூட ஒரு டாக்டர் பெண்ணும் வந்தாள், சின்ன வயது, கண்ணாடி போட்டவள். முன்பு புழு இருந்து இப்போது இல்லாதவர்களைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரே வீடு, ஒரே வாய்க்கால், ஒரே புழு. ஒருவருக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஒருவருக்கு வீங்கவில்லை. இந்த மாதிரி அண்ணன் தங்கை கிடைப்பது அபூர்வம் என்று டாக்டர் பெண் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். காலில் சுற்றிய கட்டை அவிழ்க்க வேண்டாமே என்று ரத்தக்காரம்மா நோட்டை மட்டும் வாங்கிப் பார்த்தாள். பதினேழு, பதினாறரை, பதினாறு. இப்படி வாரம் தவறாமல் எழுதி வைக்கிற வீட்டை நான் பார்த்ததே இல்லை என்று காஜாக்காவின் தோளைத் தட்டினாள். அவளுக்கு அன்றைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு மழை விடவில்லை. நூற்றெண்பதில் எழுபதுதான் முடிந்திருந்தது. கட்டுத் துணி சுற்றிய காலோடு மிதித்தால் மெஷின் திணறித் திணறி ஓடியது. அரை மணிக்கு ஒருதரம் காலைத் தூக்கி வைக்க வேண்டியும் இருந்தது. ஒரு நாள் காலையில், கட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காஜாக்காதான் சொன்னாள்.

“இப்பத்தான் நல்லா குறைஞ்சிருக்கேண்ணே. ஆர்டர் முடியற வரைக்கும் கட்டு வேண்டாமே.”

அவர் காலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரிதான் இருந்தது. துணியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. விரல் இடுக்கை ஒற்றுகிற துணியும் ஈரமாகத்தான் இருந்தது. சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பு விட்டது. அவர் சொல்லவில்லை, அவளும் அவசரத்தில் குனிந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அளவு மட்டும் எடுத்தார்கள். பதினாறு. நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் ஓடுகிற சத்தம் நின்று நின்று வந்தது. அவள் திரையை விலக்கிப் பார்த்தபோது அவர் மெஷின் மேல் நெற்றியை வைத்திருந்தார். பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். கால் முழங்கால் வரை பழுத்த மாதிரி சிவந்திருந்தது.

மறுநாள் காலை, முடிவு வந்துவிட்டது, இருவரும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொல்வதற்காக ரத்தக்காரம்மா குடையோடு வந்தாள். வாசலிலேயே அவளுக்கு முகம் மாறியது. குடையை மடக்கக்கூட இல்லாமல் உள்ளே வந்து கட்டிலருகில் உட்கார்ந்தாள். தன் பையிலிருந்து வழுவழுப்பான மஞ்சள் டேப்பை எடுத்துச் சுற்றினாள்.

“பதினேழரை” என்றாள். “போன ஞாயிறு எவ்வளவு?”

காஜாக்கா நோட்டைக் காட்டினாள்.

“மூணு நாள்ல ஒன்றரை ஏறாதேம்மா. எதுல அளந்தீங்க?”

கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டியிருந்த டேப்பை எடுத்துக் கொடுத்தாள். ரத்தக்காரம்மா அதை வைத்து அளந்தாள். பதினாறரை. இரண்டு டேப்பையும் கட்டிங் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். தொடக்கம் ஒன்றாக இருந்தது. பத்து அங்குலத்தில் கோடுகள் விலகியிருந்தன. மஞ்சள் டேப் அறுபதில் முடிந்த இடத்துக்கு அப்பால் இவர்கள் டேப் இன்னும் நாலு விரல் நீளம் கிடந்தது.

மேஜை ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. காஜாக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியானால் பதினாறு என்பது பதினேழு. இரண்டு வருடமாக எதுவும் குறையவே இல்லை. கணக்கு அவ்வளவுதான். அதைப் போட்டு முடித்த பிறகும் மனதில் எதுவும் வரவில்லை. ரத்தக்காரம்மா வண்டி கூப்பிடச் சொன்னாள். அவள் போய்ச் சலூன்காரரைக் கூப்பிட்டாள். அவர் ஒருவருக்குப் பாதி முகம் சிரைத்துக்கொண்டிருந்தார். அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றினார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று டாக்டர் பெண் காகிதங்களோடு வந்து, வார்டுக்கு வெளியே பெஞ்சில் காஜாக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதில் பாதி புரியவில்லை, புரிந்தது இது. உடம்பில் சண்டை போடுகிற செல்கள் உண்டு, சண்டையை அடக்கி வைக்கிற செல்களும் உண்டு. இரண்டும் ஒரு அளவில் இருக்க வேண்டும். புழு தான் பிழைப்பதற்காக அந்த அளவைக் கலைத்து விடுகிறது. புழு செத்து வருடங்கள் ஆகியும் கலைந்தது கலைந்தபடியே நிற்கிறது, இவர்கள் இருவருக்கும்.

“அப்போ எனக்கு ஏன் வீங்கலம்மா?” என்று கேட்டாள்.

“உங்களுக்கு அடக்கற பக்கம் கூடிப்போச்சு. அவருக்குச் சண்டை போடற பக்கம். எதிரி இல்ல, ஆனாலும் போட்டுக்கிட்டே இருக்கு. அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறோம். முழுசா இன்னும் தெரியல.”

“எனக்கு நல்லதுதானா அது?”

டாக்டர் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நல்லதுன்னு சொல்ல மாட்டேன். எதுக்கும் எழுந்திரிக்காத காவல்காரன் மாதிரி. வேற ஏதாவது நோய் உள்ள வந்தாலும் தூங்கிட்டுதான் இருப்பானோ என்னவோ. அதான் வருஷா வருஷம் வாங்கன்னு சொல்றோம்.”

“சரி செய்ய மருந்து இருக்கா?”

“அதுக்குத்தான் இந்த ரத்தமெல்லாம்” என்றாள். இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று காஜாக்காவுக்கு விளங்கியது.

உள்ளே அண்ணன் காலை இரண்டு தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் ரொட்டியைப் பாலில் தோய்த்து, சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சன்னமாக ஆரம்பித்தாள்.

“டேப் நீண்டு போச்சுண்ணே. சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் இழுத்து வச்சு இஸ்திரி போட்டேன்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“கட்டு வேண்டாம்னு சொன்னதும் நான்தான்.”

பக்கத்துக் கட்டில்காரர் தட்டைக் கழுவப் போய்விட்டு, கழுவித் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

“நீண்டது தெரியும்” என்றார் அண்ணன்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“துணிக்கடைக்குச் சண்டைக்குப் போனேன்ல. கடைக்காரர் சண்டையே போடல. இரும்பு மீட்டர்க் கோலை எடுத்து என் டேப்பு மேல வச்சார். ஒரு மீட்டருக்கு ரெண்டு அங்குலத்துக்கு மேல வித்தியாசம். கடையில அத்தனை பேர் பாத்தாங்க.”

“எங்கிட்ட சொல்லலையே.”

“டேப்பை மாத்தினா நோட்டு முழுக்கப் பொய்யாயிடும். முந்நூறு பேர் அளவு அதுல இருக்கு. அதே டேப்புல அளந்து அதே டேப்புல வெட்டறவரைக்கும் துணிக்கு ஒண்ணும் ஆகாது. ஆர்டர் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

“கால்?”

மழைச் சத்தம் கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைந்தது. 

“காலும் அதுலதான் அளக்கறோம்னு அப்போ தோணல” என்றார். பிறகு, “தோணலையா, தோண வேண்டாம்னு விட்டேனா, தெரியல பாப்பா” என்றார்.

சின்ன வயதுக்குப் பிறகு அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் எழுந்து, தலையணையைச் சரியாக வைத்துவிட்டு, விரல் இடுக்கில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கால் பதினேழரையிலேயே நின்றது. கணுக்கால் மடங்கவில்லை. மிச்சமிருந்த ஓவர்ஆல்களைக் காஜாக்கா மிதித்துத் தைத்தாள். முதல் பத்தில் தையல் பாம்பு மாதிரி போயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் பிரித்துக் கொடுத்தார். அவள் மறுபடி தைத்தாள்.

ரத்தக்காரம்மா தன் மஞ்சள் டேப்பை அவர்களிடமே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதை வைத்து நோட்டு அளவுகளில் வெட்டிய முதல் மாதம் வந்த அத்தனை துணியும் இறுக்கிப் பிடித்தது. சட்டைகள் பட்டன் கொள்ளவில்லை. தாங்கள் பருத்துவிட்டதாக வாடிக்கைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். சலூன்காரர் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். அதன் பிறகு டெய்லர் பழைய டேப்பையே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அதற்கு யாரும் இஸ்திரி போடவில்லை. மஞ்சள் டேப் ஆணியில் தொங்கியது. அது காலுக்கு மட்டும்.

டெய்லர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். மேஜையருகில் ஸ்டூலில் காலை வைத்துக்கொண்டு துணி வெட்டினார். கால் சிவந்து காய்ச்சல் இன்னும் இரண்டு தடவை வந்தது. இறந்தது நெஞ்சுவலியில். அன்றைய அளவு பத்தொன்பது. டாக்டர் பெண் வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். ரத்தக்காரம்மாவுக்கு மாற்றல் வந்தது. ரத்தம் எடுப்பது ஆறாம் வருடத்தோடு நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. துணிக்கடைக்காரர் கடைசிவரை அந்த டேப்பைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. சலூன்காரர் இன்னும் கடை வைத்திருக்கிறார். வாய்க்கால் அப்படியே இருக்கிறது.

காஜாக்காவுக்குக் கால் வீங்கவே இல்லை. கடையை அவள்தான் நடத்துகிறாள். பழைய நோட்டில் உள்ளவர்களுக்குப் பழைய டேப், புதிதாக வருகிறவர்களுக்கு வேறு டேப். ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் டேப்பை எடுத்துத் தன் இடது காலை அளக்கிறாள். பதின்மூன்று. பெயர் இல்லாத அந்தப் பக்கத்தில், பத்தொன்பதுக்குக் கீழே, எழுதிக்கொண்டு வருகிறாள்.